வட்டவளையில் இறங்காத பத்தொன்பது பேர்

அந்தப் பயணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து போனது மூன்று பேர்: அப்பா, அக்கா, நான். அம்மா வரவில்லை, அவருடைய கடவுச்சீட்டு கடைசிவரை வந்து சேரவில்லை. அக்காவின் கணவரும் வரவில்லை. கொழும்புக் கடையில் லீவு கொடுக்கவில்லை. அக்காவின் பிள்ளைகள் இரண்டும் அம்மாவோடு எங்கள் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்று, "சொக்கலட் கொண்டாராட்டி உள்ள வராதீங்க" என்று எங்களை வழியனுப்பின. போன வருடம் வைகாசியில், ஒரு வியாழக்கிழமை. ஹட்டனிலிருந்து பகல் ஒரு மணி பஸ்.

கோத்தகிரியில் என் அத்தை மகளுக்குக் கல்யாணம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பதினாறு வயதில் தன் சித்தப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர். அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான். ஞாயிறு தவறாமல் அண்ணனும் தங்கையும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக்கொள்வார்கள். பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். கல்யாணம் முடிவானதிலிருந்து அத்தை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் தன் மகள் மணவறைக்குப் போகமாட்டாள். ஞாயிறு காலை ஆறரைக்கு முகூர்த்தம். அதற்குள் அப்பா அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

டிக்கெட் எடுத்தது நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அதனால் படிவம், கடிதம், கையெழுத்து என்று எது வந்தாலும் வீட்டில் என் பக்கம்தான் தள்ளுவார்கள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று கொழுந்தெடுக்கப் போனவள். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம்.

விமானம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பளபளப்பான துண்டுப்பிரசுரம் கிடைத்தது. ஒரே டிக்கெட். ஹட்டனிலிருந்து காங்கேசன்துறைக்குப் பஸ், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல், இறங்கியதும் கோத்தகிரி மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு அவர்களுடைய பஸ். ஏ.சி., சாய்வு இருக்கை, தண்ணீர்ப் போத்தல், வைஃபை, இருபத்துநான்கு மணி நேர வாடிக்கையாளர் சேவை. நான் ஒவ்வொரு வரியாக வீட்டில் வாசித்துக் காட்டினேன். வைஃபையை எதுக்குடா கப்பல்ல ஏத்துறாங்க என்று அம்மா கேட்டார்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் விளங்கியது. அப்பாவுக்குக் கிடைத்த சாய்வு இருக்கை சாய்ந்தே கிடந்தது. என்ன இழுத்தும் நிமிரவில்லை. ஏ.சி. வேலை செய்தது. ஆனால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சரியாக அப்பாவின் வழுக்கையில் விழுந்தது. அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து குடையை எடுத்து, பஸ்ஸுக்குள்ளேயே விரித்துப் பிடித்துக்கொண்டு, படுத்தபடியே பயணம் செய்தார். "வெளியயும் மழ, உள்ளயும் மழ. டிக்கெட்டுல இதையும் போட்டிருந்தானா தம்பி?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

நாற்பத்தைந்து இருக்கைகளில் பத்தொன்பது பேர்தான் இருந்தோம். ஹட்டன் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளியும் அவர் மனைவியும் திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போனார்கள். மற்றவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் தோட்டத்து ஆட்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், பிரிந்து போன சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள்.

ஹட்டனை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, வட்டவளையில் ஒரு தேநீர்க்கடை ஓரமாகப் பஸ் நின்றது. கொண்டக்டர், இருபத்திரண்டு வயது இருக்கும், காதில் ஒரு புளூடூத் குமிழை மாட்டியிருந்த பையன், எழுந்து நின்று சொன்னான்:

"பிரேக்குல பிழை. எல்லாரும் சாமானோட எறங்குங்க. அரை மணித்தியாலத்துல வேற பஸ் வரும்."

நான்தான் முதலில் எழுந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. சொன்னால் கேட்க வேண்டும், வரிசையாக இறங்க வேண்டும் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் என் உடம்பில் ஏற்றிய பழக்கம். என் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி, மற்றவர்களையும் "வாங்க, வாங்க, பார்த்து எறங்குங்க" என்று கைகாட்டிக் கூப்பிட்டேன். மூன்று பேர் இறங்கியும்விட்டார்கள்.

அக்கா இருக்கையை விட்டு அசையவில்லை. சீர்ச் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு கதவடிக்கு வந்து நின்று, "ஒன்னோட பைய திரும்ப உள்ள கொண்டாந்து வை" என்றாள்.

"பிரேக் பிழையாம்க்கா."

"அத நான் கேட்டுக்கிறேன். நீ மொதல்ல ஏறு."

ஏறினேன். அவள் நேராக டிரைவரிடம் போனாள். டிரைவர் சிங்களவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம், "ஐயா, நெசமா பிரேக் போயிருச்சா?" என்று கேட்டாள். அவர் கொண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"பிரேக் நல்லம், நங்கி. கந்தோருதான் நல்லமில்ல."

நங்கி என்றால் தங்கை, கந்தோர் என்றால் அலுவலகம். அதற்குப் பிறகு யார் இறங்குவார்கள்? இறங்கிய மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். கொண்டக்டர் காதுக் குமிழைக் கழற்றிவிட்டான்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பறித்த கொழுந்தைச் சாக்கோடு தராசுக் கொக்கியில் தொங்கவிடுவார்கள். கணக்கப்பிள்ளை கிலோவைப் பார்த்து, தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து எழுதுவார். கழித்தது அதிகம் என்றால் அந்தப் பெண்கள் அங்கேயே, அப்போதே கேட்பார்கள். சாக்கை இறக்கமாட்டார்கள். பின்னால் வரிசை நிற்கும், லொறி ஹோர்ன் அடிக்கும், கணக்கப்பிள்ளை கத்துவார். கேள்வி தீரும்வரை சாக்கு கொக்கியிலேயே தொங்கும். நான் சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது ஒரு வேலை முறை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சண்டை என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா பஸ்ஸின் நடுவில் நின்று சொன்னாள்: "சாக்க எறக்கிட்டா பேச்சு முடிஞ்சிரும். எறங்குனா பஸ் அவங்களோடது. உக்காந்திருந்தா நம்மளோடது. பையெல்லாம் சீட்டுக்கடியில தள்ளுங்க."

யாருக்கும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்னொரு பஸ் பிடித்துப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் எங்கள் கப்பல் டிக்கெட்டுகள் எல்லாம் கொண்டக்டரின் கோப்பில் இருந்தன. துறைமுகத்தில்தான் தருவோம் என்பது கம்பனியின் விதி. மறுநாள் காலை ஏழு மணிக்குள் நாங்கள் துறைமுகத்தில் நிற்க வேண்டும். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆறரைக்கு அங்கே மணவறையில் அத்தை மகள் வெறும் நெற்றியோடு நிற்பாள்.

என் பங்குக்கு நான் படித்தவன் செய்வதைச் செய்தேன். வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. இடையில் புல்லாங்குழல். பதினெட்டு நிமிடம் புல்லாங்குழல் கேட்டேன். பிறகு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நல்ல மின்னஞ்சல் அது, பிழையே இருக்காது. அனுப்பிய அதே நிமிடம் பதில் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னாடா சொல்றாங்க?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏழு வேலை நாளுக்குள்ள பதில் தருவாங்களாம்."

"அதுக்குள்ள அவளுக்கு மறுவீட்டு விருந்தே முடிஞ்சிரும்" என்றாள்.

கொண்டக்டருக்குக் கந்தோரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. யாரோ அவனைத் திட்டுகிறார்கள் என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில் அவன் எங்களை இறக்குவதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, ஏ.சி.யை நிறுத்தச் சொன்னான். டிரைவர் நிறுத்தினார். சொட்டுவது நின்றது. அப்பா குடையை மடக்கிவிட்டு, "ரொம்ப நன்றி மகன், அப்பயே செஞ்சிருக்கலாமே" என்றார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்று எனக்குத் தோன்றியது.

நேரம் போகப் போகப் பொதிகள் அவிழ்ந்தன. தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், அவித்த மரவள்ளி. தேநீர்க்கடைக்காரர் தட்டில் பிளேன்டீயை அடுக்கிக்கொண்டு கதவடிக்கே வந்து, ஒவ்வொரு கையாக நீட்டினார். எவ்வளவு நேரமாக இந்தப் போராட்டம் என்று கேட்டு, இறங்கிடாதீங்க என்று அவர் பங்குக்கும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஒரு ரொட்டியை மடித்துக் கொண்டக்டரிடம் நீட்டினாள். அவன் வேண்டாம் என்றான்.

"சாப்புடு தம்பி. ஒன்னய யாரு கோவிச்சா? நீ கணக்கப்பிள்ள மாதிரி, சொன்னத எழுதுற ஆளு. நாங்க தொரைகிட்டதான் பேசணும். அவர வரச் சொல்லு."

அவன் ரொட்டியை வாங்கிக்கொண்டான். சாப்பிட்டுக்கொண்டே தொலைபேசியில், "இல்ல சேர், எறங்க மாட்டாங்க சேர். இல்ல சேர், சத்தமெல்லாம் போடல. சாப்புடுறாங்க சேர்" என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றரை மணிக்கு ஹட்டனிலிருந்து ஒரு ஓட்டோ வந்து நின்றது. முகாமையாளர் இறங்கினார். நல்ல சப்பாத்து, நல்ல சேர்ட்டு. கதவடியில் குடை பிடித்து நின்று, கீழே வாருங்கள், பேசித் தீர்க்கலாம் என்றார். பஸ்ஸுக்குள் ஒரு தலைகூட அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சப்பாத்து நனையத் தொடங்கியதும் அவரே ஏறி வந்தார்.

"யாரு இங்க தலைவர்?"

பதினெட்டுக் கைகள் என்னைக் காட்டின. அக்காவின் கைதான் முதலில். "எங்க வாத்தியார்கிட்ட பேசுங்க" என்றாள்.

மின்னஞ்சலில் எழுதிய ஒரு வாக்கியமும் நினைவுக்கு வரவில்லை. அப்பாவைப் பார்த்தேன். நிமிராத இருக்கையில் படுத்தபடி, கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி இருந்த பெட்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் வந்துவிட்டது.

"சேர், நாங்க டிக்கெட் எடுத்தது இந்தியாவுக்கு, வட்டவளைக்கு இல்ல. எங்க அப்பா தாய்மாமன். அவர் போய்ச் சேராட்டி அங்க ஒரு கல்யாணம் நிக்கும். பிரேக் நல்லா இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க உண்மையச் சொன்னா நாங்களும் யோசிப்போம். பொய்யச் சொன்னா இப்பிடியே உக்காந்திருப்போம்."

அவர் கொண்டக்டரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். டிரைவர் மழையைப் பார்த்தார். பிறகு முகாமையாளர் படிக்கு மேலே இருந்த சின்ன இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, உண்மையச் சொல்றேன். நாவலப்பிட்டியில ஒரு கல்யாணக் கூட்டம் ரோட்டுல நிக்குது. அவங்களுக்கு விட்ட பஸ் கம்பளையில படுத்துருச்சு. பக்கத்துல இருக்கிறது இந்த பஸ் மட்டுந்தான்."

"அப்ப எங்களுக்கு வர்ற பஸ்ஸு?" என்று புடவைக்கடை முதலாளி கேட்டார்.

"நாளைக்குக் காலையில ஏதாவது..."

அவ்வளவுதான். அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பஸ் ஒரே குரலில் வெடித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே அக்கா எழுந்து கையைத் தூக்கினாள்.

"அந்தக் கல்யாணக்காரங்க எங்க போகணும்?"

"மாத்தளைக்கு. மாப்பிள்ள வீட்டுக்கு."

அக்கா டிரைவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நாம மாத்தள வழியாத்தான போறோம்?"

"ஓவ், ஓவ்" என்று அவர் தலையாட்டினார்.

"எத்தன பேரு அவங்க?"

"முப்பத்தொண்ணு" என்றார் முகாமையாளர்.

"நாங்க பத்தொம்பது. சீட்டு நாப்பத்தஞ்சு. புள்ளைங்கள மடியில வச்சிட்டா ஆச்சு. இதுக்கா எங்கள மழையில எறக்கப் பாத்தீங்க?"

"அவங்க முழு பஸ்ஸுக்கும் காசு கட்டியிருக்காங்களே" என்றார் முகாமையாளர்.

"அப்ப நாங்க கட்டுனது என்னா, ஏறி எறங்குறதுக்கா?" என்றாள் அக்கா. "கேட்டுப் பாருங்க சேர். கல்யாண வீட்டுக்காரங்க, ரோட்டுல நிக்கிறாங்க. வேணாம்பாங்களா?"

அவர் அங்கேயே தொலைபேசி எடுத்துப் பேசினார். மறுமுனையில் மாப்பிள்ளையின் மாமாவாம். அவர் சிங்களத்தில் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. யார் இருந்தால் என்ன, ஆடு மாடு இருந்தாலும் பரவாயில்லை, முதலில் பஸ்ஸை அனுப்பு என்பதுதான் அதன் சாரம். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். முகாமையாளர் இறங்குவதற்குள் பஸ் நகரத் தொடங்கிவிட்டது, பாவம், கொஞ்ச தூரம் தள்ளித்தான் இறங்கினார்.

நாவலப்பிட்டியில் அவர்கள் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றார்கள். சிங்களப் பாணியில் ஒசரியாகக் கட்டிய பட்டுச் சேலைகள், நனைந்த கோட்டுகள், தூங்கி வழியும் பிள்ளைகள். மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் முன்னே போய்விட்டார்களாம். ஏறியதும் முதலில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூச்சம். அக்கா ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீயும் சொக்கலட் கேப்பியா?" என்று தமிழிலேயே கேட்டாள். அது என்ன புரிந்துகொண்டதோ, தலையாட்டியது. அப்பாவின் நிமிராத இருக்கையை, கோட்டுப் போட்ட ஒரு பருத்த மாமாவுக்குக் கொடுத்தோம். அவர் சாய்ந்த நிமிடமே குறட்டை விட்டார். அந்தப் பஸ்ஸில் தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரே சாய்வு இருக்கை அதுதான்.

கம்பளை தாண்டுவதற்குள் அவர்களுடைய முறுக்கு மாதிரியான கொக்கிஸும் கொண்டைப் பலகாரமும் கைமாறின; எங்கள் ரொட்டி அந்தப் பக்கம் போனது. பேராதனையில் அவர்கள் பக்கத்திலிருந்து துள்ளலான ஒரு பைலாப் பாட்டு கிளம்பியது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பெண்கள் கும்மிப் பாட்டில் பதில் கொடுத்தார்கள். பிறகு எது யாருடைய பாட்டு என்று தெரியவில்லை. கொண்டக்டர் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டான். உள்ளே தண்ணீர்ப் போத்தல் இல்லாதது அதற்கு வசதியாகப் போயிற்று. அப்பா, தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர், குடையைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு நடைபாதையில் ஆடினார். அப்பா ஆடி நான் பார்த்தது அன்றுதான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடியும் முன்பே துறைமுகத்தில் இருந்தோம். கப்பல் கிடைத்தது. நாகப்பட்டினத்தில் பஸ் இரண்டு மணி நேரம் பிந்தி வந்தது. இறங்கச் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா தெம்பாக ஏறினாள். ஞாயிறு காலை ஆறேகாலுக்கு, அப்பா அத்தை மகளின் நெற்றியில் பட்டம் கட்டினார். அத்தை அழுதுகொண்டே, முடிச்சு இறுக்கமாப் போச்சுண்ணே, கொஞ்சம் தளர்த்து என்று சொன்னார். பந்தலே சிரித்தது.

பாடசாலையில் இந்தக் கதையைச் சொன்னால், எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: நஷ்டஈடு எவ்வளவு வாங்கினீர்கள்? வாங்கவில்லை. ஏழு வேலை நாள் முடிந்ததும் வருந்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். உண்மையில் அந்தப் பஸ்ஸால் எங்களுக்குச் செலவுதான் ஆனது. மாத்தளையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பஸ் நின்றபோது, உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று மறித்துக்கொண்டார்கள். நேரமில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டோம். கல்யாணப் பெண்ணே நகையும் சேலையுமாகப் பஸ் கதவடிக்கு வந்து நின்றாள். கல்யாண வீட்டு வாசல்வரை வந்துவிட்டு வெறுங்கையோடு போவது எப்படி என்று எங்கள் பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு. புடவைக்கடை முதலாளி ஒரு கடித உறையை எடுத்தார். ஆளுக்கு இருநூறு ரூபாய் விழுந்தது. மொய் என்றால் ஒற்றையில் முடிய வேண்டும் என்று அப்பா சட்டைப்பையைத் துழாவி ஒரு ரூபாய்க் காசைப் போட்டார். இந்த முறை எல்லாருக்கும் முன்னால் நான் இறங்கி, பத்தொன்பது பேர் சார்பிலும் அதை அவள் கையில் கொடுத்தேன்.

ஒருவர் இறங்கு என்றால் உடனே இறங்காமல் ஏன் என்று கேட்கவும், உண்மை தெரிந்த பிறகு நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கவும் எங்கள் அக்காவிடமும் அந்தப் பெண்களிடமும் நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். எத்தனையோ பரீட்சைகளுக்குக் கட்டணம் கட்டியவன் நான், ஆனால் இந்த ஒரு பாடத்துக்கு எங்கள் பத்தொன்பது பேருக்கும் சேர்த்துக் கடைசியில் ஆன செலவு மூவாயிரத்து எண்ணூற்று ஒரு ரூபாய்தான்.